முதல் எலக்ட்ரிக் கிட்டார்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் எலக்ட்ரிக் கிட்டார் கற்க விரும்புகிறாள். ஆம்ப்ளிஃபையர் உட்பட எல்லாவற்றையும் 30,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். அக்கூஸ்டிக் கிட்டாரில் விரல் பழகிய பிறகே எலக்ட்ரிக் கிட்டாருக்கு வர வேண்டும் என்கிறார் உறவினர் ஒருவர். கடைக்காரரோ எல்லாம் அடங்கிய ஒரே பெட்டியாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். எங்கள் வீட்டில் யாருக்கும் இசைக்கருவி வாசித்துப் பழக்கமில்லை. நாங்கள் எதைப் பார்த்து முடிவெடுப்பது? (திருச்சியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அக்கூஸ்டிக் கிட்டாரில்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அக்கூஸ்டிக் கிட்டாரில் வழக்கமாகப் பூட்டப்படும் தந்திகளில் மிக மெல்லியதே 0.012 அங்குலப் பருமன் கொண்டது. எலக்ட்ரிக் கிட்டாரில் அதே இடத்தில் 0.009 அல்லது 0.010 அங்குலத் தந்தி இருப்பதால், புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு விரல் நுனி வலி குறைவாகவே இருக்கும். மேலும், வாசிக்காத தந்திகள் அதிர்ந்து ஒலிக்காதபடி உள்ளங்கையால் அடக்குவது, ஒலியளவைக் குமிழால் கட்டுப்படுத்துவது போன்றவை எலக்ட்ரிக் கிட்டாருக்கே உரிய பயிற்சிகள் என்பதால், அவற்றை அந்தக் கருவியில்தான் பழக முடியும். தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் மட்டும் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் ராக் அண்ட் பாப் தேர்வுக்கு எலக்ட்ரிக் கிட்டார் பொருந்தும். கிளாசிக்கல் கிட்டார் தேர்வுக்கு நைலான் தந்திக் கருவி வேண்டும்.

இனி முதன்மையான விஷயத்துக்கு வருகிறேன். கிட்டாரின் மரம் என்ன, பெயர் என்ன என்பதில்தான் பெரும்பாலான விளம்பரங்கள் பேசுகின்றன. ஆனால் ஒரு பிள்ளை சில மாதங்களில் கிட்டாரை ஓரமாக வைத்துவிடுவதற்கு மரம் காரணமாவதில்லை. தந்தியை அழுத்தக் கடினமாக இருப்பதும், எவ்வளவு சேர்த்தாலும் சுருதி நிற்காததுமே காரணமாகின்றன. இவ்விரண்டும் பெரும்பாலும் 'செட்-அப்' எனப்படும் சீரமைப்பைப் பொறுத்தவை. கிட்டாரின் நீண்ட கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகப் பட்டைகளுக்கு 'ஃபிரெட்' என்று பெயர். 12ஆம் ஃபிரெட்டுக்கு மேல் தடித்த தந்தி சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்திலும், மெல்லிய தந்தி சுமார் 1.5 மில்லிமீட்டர் உயரத்திலும் இருந்தால் தொடக்கநிலை மாணவர் சிரமமின்றி வாசிக்கலாம். தலைப்பகுதியில் தந்திகள் அமரும் 'நட்' உயரமாக இருந்தால், முதல் ஃபிரெட்டில் விரல் வைக்கும்போது அழுத்தமும் கூடும், சுருதியும் ஏறிவிடும். அப்போது பிழை தன் விரலில்தான் என்று நினைத்து மாணவர் மனம் தளர்ந்துவிடுவார். தொழிற்சாலையிலிருந்து நீண்ட தூரம் பயணித்து வந்த மலிவு விலைக் கிட்டார் எதுவும் இந்த அளவுகளோடு கைக்கு வரும் என்று எதிர்பார்க்க இயலாது. எனவே, 'செட்-அப் செய்து தருவீர்களா, அதைக் கடையிலேயே செய்கிறீர்களா, கட்டணம் உண்டா?' என்பதே நீங்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. சீரமைத்துக் கொடுக்கும் கடையில் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்குவதில் நட்டமில்லை.

வாசிக்கத் தெரியாதவரும் கடையில் சில சோதனைகளைச் செய்யலாம். ஆம்ப்ளிஃபையரில் இணைக்காமலேயே, ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி மீட்டிப் பாருங்கள். எங்கேனும் ஒலி சட்டென்று அடங்கினாலோ, கம்பி உரசி இரைந்தாலோ அந்த இடத்தைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். தடித்த தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால், நடுவில் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளி அதிகமாக இருந்தாலோ இல்லாமலே போனாலோ, கழுத்துக்குள் இருக்கும் 'ட்ரஸ் ராட்' என்ற இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் அந்தக் கருவியை வாங்க வேண்டாம். அதைத் திருகால் சரிசெய்ய இயலாது. கழுத்தின் ஓரமாகக் கையை ஓட்டும்போது ஃபிரெட் முனைகள் தோலைக் கீறக் கூடாது. பின்னர் கைப்பேசியில் உள்ள டியூனர் செயலியைத் திறந்து, விரல் வைக்காமல் மீட்டிய தந்தியின் சுருதியையும் 12ஆம் ஃபிரெட்டில் அதே தந்தியின் சுருதியையும் ஒப்பிடுங்கள்; இரண்டும் ஒரே சுரத்தை, ஒரு ஸ்தாயி வேறுபாட்டில் காட்ட வேண்டும். இறுதியாக ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, எல்லாக் குமிழ்களையும் திருகி, தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் 'பிக்கப்'களை மாற்றும் சுவிட்சை ஒவ்வொரு நிலைக்கும் தள்ளி, கேபிள் செருகும் இடத்தை லேசாக அசைத்துப் பாருங்கள். கரகரப்பு வந்தால் வேறு கருவி கேளுங்கள். கடையில் ஒரே மாடலில் மூன்று கிட்டார்கள் இருந்தால், மூன்றையும் இப்படிச் சோதித்து எடுப்பதில் தயக்கம் வேண்டாம். ஒரே மாடலிலும் கருவிக்குக் கருவி வேறுபாடு உண்டு.

வடிவத்தைப் பொறுத்தவரை, 1954இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரும், 1952இல் கிப்சன் வெளியிட்ட லெஸ் பாலும்தான் இன்றைய பெரும்பாலான மலிவு விலைக் கிட்டார்களுக்கு முன்மாதிரிகள். அந்நிறுவனங்களே ஸ்குவையர், எபிஃபோன் என்ற பெயர்களில் குறைந்த விலைக் கருவிகளை விற்கின்றன. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையின் உடல் விளிம்புகள் சரித்துச் செதுக்கப்பட்டிருப்பதால் உட்கார்ந்து வாசிக்க வசதியானது. லெஸ் பால் வகை சுமார் 4 கிலோ எடை வரும். தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் கீழே விழுந்தால் கழுத்து முறியும் வாய்ப்பும் அதிகம். மகள் கேட்கும் இசை கனமான ராக் வகை என்றால் லெஸ் பாலை நான் தடுக்க மாட்டேன். முடிவுசெய்யாத நிலையில், ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்களும் உடலில் தந்திகள் அமரும் 'பிரிட்ஜ்' அருகே ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றும் கொண்ட கிட்டாரே நல்லது. யமஹா பசிஃபிக்கா 112 இந்த அமைப்பில் வருவது. ஒற்றைச் சுருள் பிக்கப் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வாங்கிக்கொள்ளும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டருக்கு அருகில் அது இன்னும் கூடும். எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்களைக் கொண்ட ஹம்பக்கர் அந்த இரைச்சலை ரத்து செய்துவிடும். ஃப்ளாய்ட் ரோஸ் வகைப் பிரிட்ஜ் உள்ள கிட்டாரை மட்டும் முதல் கருவியாக வாங்காதீர்கள். அதில் ஒரு தந்தியின் சுருதியை மாற்றினால் மற்றவை எல்லாம் நழுவும். தந்தி மாற்றவே பிறர் உதவியை நாட வேண்டியிருக்கும்.

பணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கிட்டாருக்கும், மீதியை ஆம்ப்ளிஃபையர், கேபிள், உறை, கூடுதல் தந்திகள் ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள். ஒரே பெட்டியாக வரும் தொகுப்பில் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையரில்தான் சிக்கனம் செய்யப்பட்டிருக்கும். எனவே அதன் ஒலியைத் தனியாகக் கேட்காமல் வாங்க வேண்டாம். வீட்டுக்கு 10 முதல் 20 வாட் போதும், ஹெட்போன் இணைப்பு அவசியம் இருக்க வேண்டும். ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: எர்த் இணைப்பு இல்லாத பிளக் பாயின்ட்டில் மூன்று முனை ஆம்ப்ளிஃபையரைச் செருகாதீர்கள். கிட்டாரின் உலோகத் தந்திகள் கேபிள் வழியே ஆம்ப்ளிஃபையரோடு இணைந்திருப்பதால், அதில் ஏற்படும் மின்கசிவு நேரே பிள்ளையின் விரலுக்கு வரக்கூடும். பழைய வீடாக இருந்தால் முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய கிட்டார் வாங்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: வாங்கலாம், அதே விலைக்குப் புதிதாகக் கிடைப்பதைவிடத் தரமான கருவி கிடைக்கும். கருவி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஃபிரெட்களில் தந்தி பட்டுப் பள்ளம் விழுந்திருக்கிறதா, கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் ஒட்டிய தடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஃபிரெட் மாற்றும் செலவு மலிவுக் கிட்டாரின் விலையையே எட்டிவிடும். தந்தியில் துரு இருந்தால் கவலை வேண்டாம், அதை மாற்றிவிடலாம். பிரிட்ஜின் திருகுகள் துருவேறி இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கிட்டாரின் கழுத்து வளைந்திருக்கிறது. திரும்பப் பெற முடியாது என்கிறார் விற்பனையாளர். என்ன செய்யலாம்? (கடலூர் வாசகர்)

பதில்: முதலில் அது குறைபாடுதானா என்று உறுதிசெய்யுங்கள். ஈரப்பதம் மாறும்போது கழுத்து சிறிது வளைவது இயல்பு. ட்ரஸ் ராட் திருகினால் அது நேராகிவிடும். முறுக்கம், விரிசல், ட்ரஸ் ராட் வேலை செய்யாமை ஆகியவையே குறைபாடுகள். பழுதுபார்ப்பவரிடம் அதை எழுத்தில் பெற்று, படங்களும் எடுத்து வையுங்கள்.

குறைபாடு உறுதியானால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றால் 30 நாட்களுக்குள், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. எனவே நாள் கடத்தாமல் இணையத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள்; 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பயனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதன் பிறகும் தீராவிட்டால், விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்காகச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. வந்த அட்டைப் பெட்டியையும், இறக்குமதியாளர் பெயர் உள்ள ஒட்டுத்தாளையும் அதுவரை தூக்கி எறிய வேண்டாம்.