உறைக்குத் திரும்பும் வாள் – கடிதம்

வணக்கம்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. நான்கு ஆண்டுகளாகச் சிலம்பம் பயில்கிறாள். சென்ற மாதம் அவர்களுடைய ஆண்டு விழாவில் மூத்த மாணவர் ஒருவர் சுருள்வாள் (சாட்டைபோல வளையும் தகட்டு வாள்) சுற்றினார். ஆட்டம் முடிந்து கைதட்டல் எழுந்தபோது அவர் வாளை நிறுத்தப் பார்த்தார். அதன் நுனி துள்ளி, மேடையோரத்தில் கம்புகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு சிறுவனின் முன்கையைக் கிழித்துவிட்டது. ஏழு தையல். ஆசான் மிகவும் வருந்தினார், ஆனால் "ஆயுதம் தொட்டவன் உடம்பில் தழும்பு இல்லாமல் இருக்குமா?" என்றும் சொன்னார். அடுத்த ஆண்டு என் மகளுக்கும் சுருள்வாள் கற்றுத்தருவதாக இருக்கிறார். நிறுத்திவிடு என்கிறார் என் கணவர். மகள் அழுகிறாள். ஜப்பானில் வாள் பயின்றதாக நீங்கள் முன்பு எழுதியிருந்ததால் கேட்கிறேன். தழும்பு இந்தக் கலையின் ஒரு பகுதிதானா?

(பெயர் வேண்டாம்), மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் "ஆட்டம் முடிந்து கைதட்டல் எழுந்தபோது" என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அந்த மாணவர் வாளைச் சுழற்றிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தன் வேலை முடிந்துவிட்டதாக அவர் மனம் எண்ணிய அந்த ஓரிரு நொடிகளில்தான் சிறுவனின் கை கிழிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த வாள் காயங்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை, என்னுடையதும் அப்படித்தான்.

யோகோஹாமாவில் வேலை பார்த்த காலத்தில் நான் பயின்றது இயாய்தோ என்னும் கலை. எதிரில் ஆள் கிடையாது. எதிரி இருப்பதாக எண்ணிக்கொண்டு, உறையிலிருந்து வாளை உருவி, வீசி, மீண்டும் உறையிலிட வேண்டும். உறையின் வாயை இடது கையால் பற்றி, வாளின் முதுகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதையின் மேல் இழுத்துக்கொண்டே வந்து, நுனி உறைவாயில் விழுந்ததும் மெல்ல உள்ளே தள்ளுவது முறை. தேர்ந்தவர்கள் இதை உறையைப் பார்க்காமலே செய்வார்கள். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் வகுப்பு முடிந்தபின், பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்க, பதில் சொல்லிக்கொண்டே வாளை உறையிலிட்டேன். நுனி உறைக்குள் போகாமல் என் கைச்சதைக்குள் போயிற்று. அது துத்தநாகமும் அலுமினியமும் கலந்து வார்த்த, கூர் தீட்டப்படாத பயிற்சி வாள்தான். ஆனால் விளிம்பு மழுங்கலாக இருந்தாலும் நுனி நுனிதானே. இரண்டு தையல். ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. தழும்பு அழகு என்றும் சொல்லவில்லை. அடுத்த ஒரு மாதம் உறையிலிடுவதை மட்டும், எண்ணி எண்ணி, செய்ய வைத்தார்.

அந்தக் கூடத்தில் ஒவ்வொரு வகுப்பும் வாளைச் சோதிப்பதில் தொடங்கும். ஜப்பானிய வாளின் அலகையும் பிடியையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மூங்கில் ஆணி, மெக்குகி என்பார்கள். சுண்டுவிரலில் பாதிகூட இராத அந்தத் துண்டு தளர்ந்தால், ஓங்கி வீசும்போது பிடி கையில் இருக்க, அலகு மட்டும் கூடத்தின் மறுகோடிக்குப் பறக்கும். ஆகவே அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த பிறகே வணக்கம். ஆயத்தமாக இருப்பதைக் குறிக்க 'மெக்குகியை ஈரமாக்குதல்' என்றொரு பழைய வழக்கே அவர்கள் மொழியில் இருக்கிறது. சண்டைக்குமுன் ஆணி நழுவாதபடி அதை நனைத்துக்கொள்வதிலிருந்து வந்தது. அடுத்தது உறை. இரண்டு மரப்பாதிகளைச் சோற்றுப் பசையால் ஒட்டிச் செய்வது அது. உருவும்போது வாளின் விளிம்பு உள்ளே மரத்தில் உரசினால், அது நாளடைவில் உறையைப் பிளந்துகொண்டு, அதைச் சுற்றியிருக்கும் விரல்களுக்கு வந்துவிடும். உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்போம். மரத்தூள் கொட்டினால் அன்றைக்கு அந்த ஆளின் உருவல் சரியில்லை என்று பொருள். எனக்குப் பல மாதங்கள் தூள் கொட்டியது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்னும் கடுமையான ஒரு பதில் ஐரோப்பிய வாள்வீச்சில் இருக்கிறது. 1982 ஜூலையில் ரோமில் உலகப் போட்டி நடந்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ், மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பேர் என்பவருடன் மோதினார். மத்தியாஸின் வாள் முறிந்தது. முறிந்த முனை ஸ்மிர்னோவின் முகமூடி வலையைத் துளைத்து, கண்வழியாக மூளைக்குள் சென்றது. சில நாட்களில் அவர் இறந்துபோனார். இருவருமே உலகின் தலைசிறந்த வீரர்கள், விதிப்படியே ஆடினார்கள். வீரனின் மரணம் என்று சொல்லி மாலை போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த விளையாட்டை நடத்தியவர்கள் வாளின் எஃகையே மாற்றினார்கள். மாரேஜிங் எனப்படும் நிக்கல் மிகுந்த எஃகில் விரிசல் மெதுவாகப் பரவும். முகமூடிகளின் தரமும் உடைகளின் துணியும் மாறின. இன்று பன்னாட்டுப் போட்டிகளில் மேலுடை 800 நியூட்டன் விசையையும், முகமூடியின் கழுத்து மறைப்பு 1600 நியூட்டன் விசையையும் தாங்க வேண்டும். வாள்கள் இப்போதும் முறிகின்றன. முறிந்த வாளுக்கும் ஆளுக்கும் நடுவே இத்தனை அடுக்குகள் வந்துவிட்டன, அவ்வளவுதான்.

ஆகவே, தழும்பு கலையின் ஒரு பகுதியா என்றால், இல்லை என்பதே என் பதில். உங்கள் ஆசானைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அவரும் தம் ஆசானிடம் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லியிருப்பார். ஆனால் தழும்பைப் பெருமையாக்கிவிட்டால், அது எப்படி வந்தது என்று கேட்கும் வாய் அடைந்துவிடுகிறது. அந்தச் சிறுவனின் காயத்தில் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. வாள் சுழலும்போது கம்பு அடுக்க ஒரு பிள்ளையை மேடையில் விட்டது யார்? சுருள்வாள் வேகத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டிருக்கும் ஆயுதம். சட்டென்று நிறுத்தினால் அந்த வேகம் நுனிக்குப் போய்விடும். வட்டத்தைப் படிப்படியாகச் சிறிதாக்கித்தான் அதை அடக்க வேண்டும். அந்த மாணவருக்குச் சுற்றக் கற்றுக்கொடுத்த அளவுக்கு அடக்கக் கற்றுக்கொடுத்தார்களா? கேரளத்துக் களரிகளில் உறுமி எனப்படும் இதே சுருள்வாளைக் கடைசியாகத்தான் கையில் கொடுப்பார்கள். எதிரிக்கு முன்பே வீசுபவனை வெட்டக்கூடிய ஆயுதம் அது என்பதே காரணம்.

நிறுத்த வேண்டாம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஆசானிடம் பேசுங்கள். மகள் கையில் இரும்பு வருவதற்குமுன் ஓராண்டு கயிறு வரட்டும். சாயத்தில் நனைத்த கயிற்றைச் சுருள்வாள்போலச் சுற்றினால், உடம்பில் எங்கெங்கே பட்டது என்பதை வெள்ளைச் சட்டையே காட்டிக்கொடுக்கும். சட்டை வெள்ளையாகவே வீடு திரும்பும் நாள் வரை கயிறுதான். இதில் இழுக்கு ஒன்றுமில்லை. வாள்வீச்சில் இந்தியாவிலிருந்து முதன்முதலாக ஒலிம்பிக் சென்ற நம் சென்னைப் பெண் பவானி தேவியே, வாள் விலை கட்டுப்படியாகாமல் தொடக்கத்தில் மூங்கில் குச்சிகளைக் கொண்டுதான் பழகினார்.

விழா மேடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு, படுத்திருக்கும் ஆளின் வயிற்றின் மேல் வைத்த வெள்ளரிக்காயை வெட்டிக் காட்டும் வித்தைக்கு உங்கள் மகளைப் படுக்கவிடாதீர்கள். யார் கேட்டாலும் சரி. அது சிலம்பமும் இல்லை, வாள்வீச்சும் இல்லை. வெட்டுபவருக்குத் துணிச்சல், படுத்திருப்பவருக்கு மட்டும் ஆபத்து. மேடையில் தொங்கும் மைக் வயரும், பந்தல் கயிறும், முந்தைய நிகழ்ச்சியில் சிந்திய தண்ணீரும்கூட ஆட்டக்காரர் கணக்கில் வர வேண்டியவை. மேடைக்கு ஏறுமுன் அவற்றைப் பார்க்கும் பொறுப்பு இன்னாருக்கு என்று ஒருவர் பெயர் சொல்லி ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று. நம் ஊரில் வெட்டுக்காயத்தில் காப்பித்தூளையும் மஞ்சளையும் அப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. சுத்தமான துணியை வைத்து, இரத்தம் நிற்கும்வரை விடாமல் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து, மருத்துவரிடம் கொண்டுபோனால் போதும். கையில் வெட்டு என்றால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் விரல்களை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரு விரல் மடங்காவிட்டால் தசைநாண் அறுந்திருக்கலாம். அதைத் தையல் போடுபவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தச் சிறுவனுக்கு இதைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை; அவனுடைய அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை வகுப்புக்குப் போகும்போது, ஆசானிடம் அனுமதி கேட்டு அந்தச் சுருள்வாளின் பிடியை உங்கள் கையால் பிடித்துப் பாருங்கள். வளையும் தகடு வளையாத பிடியைச் சந்திக்கும் இடத்தில்தான் ஒவ்வொரு வீச்சின் பாரமும் விழுகிறது; தகடு களைத்து விரிசல் விடுவதும் அங்கேதான். அந்த இடத்தில் துரு இருக்கிறதா, ரிவெட் ஆடுகிறதா, தகட்டின் குறுக்கே மயிரிழைபோல ஏதாவது கோடு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.