தூங்காத சிப்பாய்க்குக் கொடுப்பனவு கிடைக்குமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 42 வயது. கிரீன் கார்ட் லொத்தர் விழுந்து அமெரிக்காவுக்குப் போனவர், அங்கே இராணுவத்தில் சேர்ந்து 2011இல் ஆப்கானிஸ்தானில் லொறி ஓட்டினார். விலகி வந்து இப்போது எங்களோடு இருக்கிறார். இரவில் கத்திக்கொண்டு எழும்புகிறார். தீபாவளிக்கு வெடி போட்டால் அறையைப் பூட்டிக்கொள்வார். வீதியோரம் உரப்பை கிடந்தால் ஆட்டோவைத் திருப்பிவிடுகிறார். பின்னேரமானால் சாராயம். "பிடிஎஸ்டி என்ற மன நோய் என்று அமெரிக்காவுக்கு எழுதிப் போட்டால் மாதாமாதம் காசு வரும்" என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்கிறார்கள். கொழும்பில் ஒருவர் அதைச் செய்து தர மூன்று இலட்சம் கேட்கிறார். அண்ணனோ, "நான் சண்டை பிடிக்கவே இல்லை, எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார். டொக்டர் ஒரு கடிதம் தந்தால் போதுமா? சுகமானால் காசை நிறுத்திவிடுவார்களா? கோயிலில் கயிறு கட்டியிருக்கிறோம், அது பிழையா? — ஒரு தங்கை, ஹட்டன்

பதில்: சகோதரி, முதலில் அந்த மூன்று இலட்சத்தைக் கொடுக்காதீர்கள். முன்னாள் படையினரின் முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துக் கொடுக்க யாரும் காசு வாங்கக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். அங்கீகாரம் பெற்ற சட்டத்தரணிகூட முதல் முடிவு வந்த பிறகு, அதை எதிர்த்துப் போகும்போதுதான் கட்டணம் கேட்கலாம். அமெரிக்கன் லீஜன், டிசேபிள்ட் அமெரிக்கன் வெட்டரன்ஸ் போன்ற முன்னாள் படையினர் சங்கங்கள் இந்த வேலையை இலவசமாகச் செய்கின்றன. ஹட்டனில் இருந்துகொண்டே மின்னஞ்சலில் அவர்களைப் பிடிக்கலாம்.

இனி அண்ணனின் நோய். நீங்கள் எழுதிய உரப்பையில்தான் என் கண் நின்றது. ஆப்கானிஸ்தானின் கந்தஹார் பக்கத்து வீதிகளில் புதைத்த குண்டுகளில் பெரும்பாலானவை உரத்திலிருந்து செய்யப்பட்டவை. லொறி ஓட்டியவருக்கு ஒவ்வொரு மதகும், ஓரத்தில் கிடந்த ஒவ்வொரு கேனும் உயிர்ப் பிரச்சினை. அந்த எச்சரிக்கையால்தான் அவர் உயிரோடு வந்தார். இப்போது ஆபத்து இல்லை, ஆனால் மூளை அதை இன்னும் நம்பவில்லை. கெட்ட கனவு, திடுக்கிடல், சில இடங்களைத் தவிர்ப்பது, சொந்தக்காரரிடமே மரத்துப்போன மனம், இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வேலையையும் வீட்டையும் கெடுத்தால் அதைத்தான் பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய், என்கிறோம். பைத்தியம் என்ற சொல்லுக்கு இங்கே இடமே இல்லை. நேரில் பார்க்காமல் நான் நோயை உறுதி சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அந்தப் பக்கம்தான் காட்டுகிறது.

"சண்டை பிடிக்கவில்லை" என்கிறாரே, அதுவும் தடையில்லை. 2010இல் அமெரிக்கா விதியை மாற்றியது. எதிரியின் தாக்குதலுக்குப் பயந்து வாழ்ந்ததே நோய்க்குக் காரணம் என்று அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்ட மனநல வைத்தியர் சொல்லி, அது அவர் வேலை செய்த இடத்துக்கும் காலத்துக்கும் பொருந்தினால், அவருடைய சொந்த வாக்குமூலமே போதும். லொறிச் சாரதி, சமையற்காரர், தாதி எல்லோருக்கும் இது பொருந்தும்.

விண்ணப்பத்துக்கு மூன்று விஷயங்கள் நிற்க வேண்டும்: இப்போது நோய் இருக்கிறது, சேவையில் இருந்தபோது அதற்கான சம்பவம் நடந்தது, இரண்டுக்கும் தொடர்பு உண்டு. என்னைப் போன்ற வைத்தியர் ஒருவரின் கடிதம் சான்றாக உதவும், அதுவே முடிவாகாது. பிடிஎஸ்டிக்கான முதல் பரிசோதனையை வி.ஏ. எனப்படும் அவர்களுடைய முன்னாள் படையினர் திணைக்களம் தன் ஏற்பாட்டில்தான் செய்விக்கும். சேவையிலிருந்து விலகியபோது தந்த டிடி 214 பத்திரம் பெட்டியில் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். விண்ணப்பிக்கக் காலக்கெடு இல்லை. ஆனால் விலகி ஒரு வருடம் கடந்தவருக்குப் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்துதான் காசு கணக்காகும். அதனால் 'விண்ணப்பிக்கப் போகிறேன்' என்று அறிவிக்கும் 21-0966 படிவத்தை இப்போதே அனுப்பினால் அந்தத் திகதி ஒரு வருடத்துக்குப் பிடித்து வைக்கப்படும். மற்றப் பத்திரங்களை ஆறுதலாகச் சேர்க்கலாம்.

அவர்கள் பார்ப்பது சம்பவம் எவ்வளவு பயங்கரமானது என்பதை அல்ல, இன்றைய வாழ்க்கை எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதை. அதற்கேற்ப பாதிப்பை 0, 10, 30, 50, 70, 100 சதவீதம் என்று போடுவார்கள். நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். வைத்தியருக்கு முன்னால் சவரம் செய்து, சேர்ட் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, "பரவாயில்லை சேர், சமாளிக்கிறேன்" என்பார்கள். அந்த ஒரு வாக்கியம் ஃபைலில் போய் உட்கார்ந்துகொள்ளும். இட்டுக்கட்ட வேண்டியதில்லை, நல்ல நாளை மட்டும் சொல்லாமல் மோசமான நாளையும் சொன்னால் போதும். குடியையும் ஒளிக்க வேண்டாம். பிடிஎஸ்டியால்தான் குடி வந்தது என்றால் அதையும் அவர்கள் கணக்கில் எடுப்பார்கள்.

நீங்களும் எழுதலாம், 21-10210 என்ற படிவம் அதற்குத்தான். "அண்ணன் மிகவும் கஷ்டப்படுகிறார்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. எத்தனை இரவு எழும்புகிறார், எழும்பிக் கதவின் தாழ்ப்பாளை எத்தனை தடவை பார்க்கிறார், எந்த வேலையை எந்த மாதம் விட்டார், உங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஏன் வரவில்லை என்று எழுதுங்கள். உரப்பையையும் எழுதுங்கள். தமிழில் எழுதி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெற்று இரண்டையும் சேர்த்து அனுப்பலாம்.

சுகமானால் காசு நிற்குமா? நேரடியாகவே சொல்கிறேன்: மறுபரிசோதனை வரலாம், நல்ல முன்னேற்றம் இருந்தால் சதவீதம் குறையலாம். ஐந்து வருடம் கடந்த மதிப்பீட்டை, முன்னேற்றம் நிலையானது என்று காட்டாமல் குறைக்க முடியாது. இருபது வருடம் கடந்தால், மோசடி செய்திருந்தாலன்றி, அதற்குக் கீழே இறக்க முடியாது. ஆனால் காசுக்காக நோயைப் பாதுகாத்து வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அங்கே காசும் நிலைப்பதில்லை, மனிதரும் நிலைப்பதில்லை. சிகிச்சை எடுப்பது விண்ணப்பத்தைக் கெடுக்காது. கிளினிக் கொப்பியில் திகதியோடு விழும் ஒவ்வொரு வரியும் சான்றுதான். நோய் சேவையால் வந்தது என்று ஏற்றுக்கொண்டால், வெளிநாட்டில் எடுக்கும் அந்த நோய்க்கான சிகிச்சைச் செலவையும் அவர்கள் தருவார்கள். பில்களை எறியாதீர்கள்.

நுவரெலியா அல்லது கண்டி அரச வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். சம்பவத்தை மெல்ல மெல்லப் பேசிக் கடக்கும் சிகிச்சையும் சேர்ட்ரலீன் போன்ற மாத்திரையும் இதற்கு நன்றாக வேலை செய்கின்றன. மாத்திரை பிடிக்கச் சில வாரங்கள் எடுக்கும். பக்கத்து பாமசியில் டயசிபாம் என்ற பதற்றம் குறைக்கும் மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள், சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். நாளாந்தம் அதிகமாகக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினாலும் வலிப்பு வரலாம், அதையும் வைத்தியரின் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். "மனநலம்" என்றால் வரமாட்டார் என்றால், "தூக்கத்துக்கு மருந்து எடுப்போம்" என்று கூப்பிடுங்கள். பொய்யில்லை, தூக்கம் கெடுவதும் இந்த நோயின் ஒரு பகுதிதான். சாகப் போகிறேன் என்ற பேச்சு வந்தால் காத்திருக்க வேண்டாம்: மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலைக்கே கொண்டுபோங்கள்.

கயிறு கையிலேயே இருக்கட்டும், அதில் பிழையில்லை. கட்டியவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்க வேண்டாம்.