குறிய நம்பாதீங்க, ஒரு புள்ளிய வச்சுப் பாருங்க

அம்மாப்பேட்டைல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பாப்பா பிளஸ் ஒன். 3எக்ஸ் − 2ஒய் < 6க்கு கிராஃப் போட்டு, சின்னது குறிதானேன்னு கோட்டுக்கு கீழ ஷேட் பண்ணி மார்க் போயிடுச்சு. மாடுலஸ் (| | குறி) வந்தா இன்னும் குழம்புறா, உள்ள எக்ஸ் − 10ன்னா கிராஃப் இடது பக்கம்தானே போகணும்ங்கிறா. எப்படி சொல்லிக் குடுக்கிறது?"

சின்னதுன்னா கீழங்கிறது ஒய் இடது பக்கம் பிளஸ் குறியோட நின்னா மட்டும்தாங்க செல்லும். இங்க ஒய்க்கு முன்னாடி −2 இருக்கு, அதால வகுத்தா குறி திரும்பி ஒய் > (3எக்ஸ் − 6)/2ன்னு ஆகும், அப்ப மேலதான் ஷேட் பண்ணணும். டியூஷன்ல திருப்ப மறக்கிற பசங்கதான் ஜாஸ்தி, அதனால நான் குறியவே பார்க்கச் சொல்றதில்ல. (0, −3), (2, 0) ரெண்டையும் சேர்த்து கோடு போடுங்க, சமம் இல்லாததால விட்டு விட்டு. அப்புறம் (0, 0)ஐ போட்டுப் பாருங்க, 0 < 6 சரி, ஆதிப்புள்ளி இருக்கிற பக்கம் ஷேட், முடிஞ்சுது. கோடே ஆதிப்புள்ளி வழியா போனா கோட்டுல படாத வேற புள்ளி எடுத்துக்கணும்.

இது ஏன் வேலை செய்யுதுன்னு கேட்டா மாம்பழக் கடைக்கு கூட்டிட்டுப் போங்க. மல்கோவா கிலோ 100, இமாம் பசந்த் 150ன்னு வச்சுக்குவோம் (அந்த விலைக்கு கிடைச்சா எனக்கும் சொல்லி விடுங்க), கையில 600 ரூபா. மல்கோவா எக்ஸ் கிலோ, இமாம் பசந்த் ஒய் கிலோன்னா 100எக்ஸ் + 150ஒய் ≤ 600, சுருக்கினா 2எக்ஸ் + 3ஒய் ≤ 12. கோடு (6, 0)ல இருந்து (0, 4)க்கு. (3, 2) கோட்டு மேலயே இருக்கு, பர்ஸ் சுத்தமா காலி, ஆனா வாங்கலாம், அதான் ≤க்கு கோடு முழுசா வருது. (5, 3)ன்னா 950 ரூபா, கடைக்காரர்கிட்ட கடன் சொல்லணும். (0, 0)ங்கிறது வேடிக்கை பார்த்துட்டு வெறுங்கையோட வர்றது, அதுவும் பட்ஜெட்டுக்குள்ளதானே! எக்ஸ், ஒய் ரெண்டும் மைனஸ் ஆகாதுங்கிறதால முதல் கால்பகுதி முக்கோணம் மட்டும் போதும்.

மாடுலஸுக்கு ஏற்காடு ரோடு. 20 கொண்டை ஊசி வளைவுல, பஸ் 10வதுல நின்னு போச்சுன்னு வைங்க. 7வதுல நிக்கிறவருக்கும் 13வதுல நிக்கிறவருக்கும் பஸ் 3 வளைவு தள்ளிதான், மலைக்கு கீழ இருக்கார்ங்கிறதுக்காக தூரம் மைனஸ் ஆகாது. நிக்கிற வளைவு எக்ஸ், பஸ்ஸுக்கு தூரம் ஒய்னா, அதாங்க ஒய் = |எக்ஸ் − 10|. தூரம் பூஜ்யம் ஆகுறது எக்ஸ் 10 ஆகும்போது, அதனால வி வடிவத்தோட முனை (10, 0)ல, வலது பக்கம். மைனஸ பார்க்காம, உள்ள எது போட்டா பூஜ்யம் வருதுன்னு பாப்பாவ தேடச் சொல்லுங்க.

ஒய் ≥ |எக்ஸ் − 10|ன்னு வந்தாலும் அதே வேலைதான், (10, 5) போட்டா 5 ≥ 0 சரி, வி-க்கு உள்ளாற ஷேட். பரீட்சையில இந்த சோதிச்ச வரிய கிராஃபுக்கு பக்கத்துலயே எழுதச் சொல்லுங்க, ஷேடிங்க பென்சில்லயே பண்ணட்டும்.