விறாந்தையில் சைக்கிள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் மூன்று சைக்கிள். விறாந்தையில் நடக்க இடமில்லை. சுவரில் கொளுக்கி போட்டுத் தொங்கவிடலாமா? சீமெந்துக் கல்லுச் சுவர். (வாசகி, மாங்குளம்)

பதில்: முதலில் சுவரைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். வெறுமையான சத்தம் கேட்டால் அது உள்ளே ஓட்டையுள்ள புளொக் கல். அதில் பிளாஸ்ரிக் பிளக் வைத்து முறுக்கிய கொளுக்கி நாள் போக ஆடத் தொடங்கும். ஓட்டைக்கு அப்பால் பிடிப்பதற்குக் கல் இல்லை. கதவு, யன்னலுக்கு மேலே ஓடும் கொங்கிறீட் லிண்டலில் போடுங்கள். வீட்டைச் சுற்றி லிண்டல் ஓடினால் வெறும் சுவர்ப் பக்கமாகவே இடம் கிடைக்கும். துளை, கொளுக்கி போல்ட் பெட்டியில் சொல்லியிருக்கும் அளவைவிட ஒரு நூல்கூடப் பெருக்கக் கூடாது. துளைக்கும்போது றில் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியில் முட்டினால் இரண்டு அங்குலம் தள்ளித் துளையுங்கள்.

கொளுக்கிக்குப் பழைய ரியூப் துண்டைப் போர்த்து, றிம்மை அதில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் முலாம் உரியும், உரிந்த இடத்தில் கறள் பிடிக்கும். ஒரு சைக்கிளை முன் சில்லிலும் அடுத்ததைப் பின் சில்லிலும் மாட்டினால் ஹாண்டில்கள் முட்டா. ஒன்றரை அடி இடைவெளி போதும். மூன்றில் பாரமானதைக் கீழேயே நிற்க விடுங்கள். பழைய பெரிய சைக்கிள் 20 கிலோ வரும். அதைத் தினமும் தூக்கி மாட்டினால் நாரி பிடிக்கும்.

கேள்வி: முற்றத்து வெயிலில் நிற்கும் சைக்கிளின் ரியூப் அடிக்கடி வெடிக்கிறது. காற்றைக் குறைத்து அடிக்கவா? (வாசகர், முல்லைத்தீவு)

பதில்: குறைக்க வேண்டாம். காற்றுக் குறைந்தால் கிறவல் றோட்டில் றிம் ரியூபைக் கடிக்கும். 30 பாகையில் 50 இறாத்தல் அடித்த சில்லு 60 பாகைக்குச் சூடானாலும் 56, 57 இறாத்தலுக்குத்தான் ஏறும். நல்ல ரயருக்கு அது பொருட்டல்ல. வெயில் ஏற்கெனவே இருந்த பிழையைத்தான் வெளியே கொண்டுவருகிறது.

பெரும்பாலும் பிழை ஒட்டில் இருக்கும். சொலூசன் ஈரமாக இருக்கும்போதே துண்டை ஒட்டினால் சூட்டில் இளகிக் கழரும். ரியூபை மண்கடதாசியால் பளபளப்புப் போகும்வரை உரோஞ்சி, மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, பிறகு அழுத்துங்கள். அடுத்தது, ரயர் விளிம்புக்கும் றிம்முக்கும் இடையில் ரியூப் சிக்குவது. கொஞ்சம் காற்று அடித்துவிட்டு இரு பக்கமும் ரயரை அமர்த்திச் சுற்றிவரப் பாருங்கள். ரியூப் எட்டிப் பார்க்கக் கூடாது. றிம்முக்குள் கம்பி முனை நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் தேய்த்து, மேலே றிம் பட்டி போடுங்கள்.

வெடிக்காமல் இரவோடு இரவாகக் காற்று இறங்கினால் காற்று அடிக்கும் வால்கட்டையில் சவர்க்காரத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் உள்ளிருக்கும் சின்ன ரப்பர்தான் இளகியிருக்கிறது. ரியூபைக் கழற்றவே தேவையில்லை.

கேள்வி: அப்பப்பாவின் சைக்கிள் டைனமோ வீட்டில் கிடக்கிறது. கரண்ட் போகும் நேரத்தில் பயன்படுத்த முடியுமா? போனுக்குச் சார்ஜ் போடலாமா? (மாணவர், கிளிநொச்சி)

பதில்: முடியும். போர்க்காலத்தில், வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது, பற்றரி கிடைக்காதபோது எங்கள் மக்கள் றேடியோ கேட்டது இந்த டைனமோவைச் சுற்றித்தான், எறிந்துவிடாதீர்கள்.

வழக்கமான டைனமோ 6 வோல்ற், 3 வாற். தருவது ஆடலோட்டம், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின். ஏறத்தாழ அரை அம்பியர் தள்ளும். சின்ன 5 மி.மீ. எல்.ஈ.டி. 20 மில்லி அம்பியர்தான் தாங்கும், ஆகவே நேரே இணைத்தால் உடனே கருகும். 3 வாற் எல்.ஈ.டி. இரண்டைத் தொடராக இணைத்து, சூடு இறங்க அலுமினியத் தகட்டில் பொருத்துங்கள். மின்னை ஒரே திசையாக்க 1 அம்பியர் தாங்கும் ஷொட்கி டயோட் நான்கு, அதைச் சீராக்க 2200 மைக்ரோபரட் 35 வோல்ற் கப்பாசிற்றர் ஒன்று வேண்டும். டயோட்டுகளைப் பாலமாக்குங்கள்: கோடுள்ள இரு முனைகள் சேரும் இடம் நேர், கோடில்லாத இரு முனைகள் சேரும் இடம் மறை, மற்ற இரண்டு சந்திகளுக்கும் டைனமோவின் கம்பிகள். கப்பாசிற்றரையும் எல்.ஈ.டி. தொடரையும் நேருக்கும் மறைக்கும் இடையில், முனை மாறாமல் இணையுங்கள். டைனமோவின் இரண்டாவது முனை அதன் உடம்புதான். எனவே பாலத்தின் நேர், மறை இரண்டும் சைக்கிள் சட்டத்தில் படவே கூடாது. எல்.ஈ.டி. கழன்றிருக்கும்போது மிதிக்காதீர்கள், வோல்ற் தாறுமாறாக ஏறிக் கப்பாசிற்றர் வெடிக்கும்.

டைனமோவின் அச்சு சில்லின் நடுவைப் பார்த்தபடி இருக்க வேண்டும். சரிந்தால் உருளை ரயரின் பக்கத்தைத் தின்றுவிடும். இரட்டைக் கால் ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினாலே அறைக்கு வெளிச்சம் வரும்.

போன் விடயத்தில் ஆசைப்பட வேண்டாம். 5 வோல்ற்றுக்கு இறக்கும் சுற்றும் வேண்டும், அதன் பிறகும் 4000 மில்லி அம்பியர் மணிப் பற்றரி நிறைய ஆறு மணித்தியாலத்துக்கு மேல் மிதிக்க வேண்டிவரும். வெளிச்சத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய ரயர், ரியூபை என்ன செய்யலாம்? (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: ரியூபை ஓர் அங்குலப் பட்டியாக வெட்டி, இழுத்து இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறச் சுற்றினால் தோட்டக் குழாயின் ஒழுக்கு நிற்கும். மரக்கன்றைத் தடியோடு கட்டவும் நல்லது. தண்டு பருக்கும்போது ரப்பர் இடம் கொடுக்கும், கயிறு வெட்டும். ரயரை மட்டும் வெளியே போடாதீர்கள். மாரி மழையில் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். கூரைக்குள் வையுங்கள், அல்லது அடியில் சாண் இடைவெளியில் ஓட்டை போடுங்கள். எரிக்க வேண்டாம்.

கேள்வி: 26 என்று கேட்டு வாங்கிய ரயர் றிம்மில் ஏறவில்லை. ஏன்? (வாசகர், வவுனியா)

பதில்: 26 என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் உண்டு. லேடிஸ் சைக்கிளின் 26 x 1 3/8 ரயருக்கு றிம் அளவு 590 மி.மீ., மவுண்டன் சைக்கிளின் 26 x 2.125 ரயருக்கு 559 மி.மீ. 37-590, 54-559 என்பதுபோல் பழைய ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும். கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் ஒத்துவந்தால் மட்டும் வாங்குங்கள்.