பதில்: எம்ஜிஎம் படத்துக்கு வார்னர் எப்படி உரிமையாளர்?

வணக்கம் நண்பரே. 1939-இல் ஹாலிவுட் ஸ்டுடியோவான எம்ஜிஎம் (மெட்ரோ-கோல்ட்வின்-மேயர்) எடுத்த 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' படத்தின் வட்டில் வார்னர் பிரதர்ஸ் பெயர் இருக்கிறது, கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் எழுதுங்கள். தயாரித்தது எம்ஜிஎம், இன்றைய உரிமை வார்னரிடம்.

குழப்பம் தொடங்கிய ஆண்டு 1986. அன்றைய உரிமையாளர் கிர்க் கெர்கோரியனிடமிருந்து எம்ஜிஎம்-ஐ தொலைக்காட்சித் தொழிலதிபர் டெட் டர்னர் வாங்கினார். கடன் கழுத்தை நெரித்ததால் சில மாதங்களிலேயே நிறுவனத்தின் பெரும்பகுதியை அவரிடமே திருப்பி விற்றுவிட்டார். ஆனால் பழைய படங்களை மட்டும் விடவில்லை. தன் தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு அவைதான் தீனி என்று அவருக்குத் தெரியும். அன்று ஏமாந்தவர் அவர்தான் என்று பலர் எழுதினார்கள்; நான் அப்படி நினைக்கவில்லை, பொக்கிஷமே அதுதான். 1996-இல் டர்னரின் நிறுவனம் வார்னர் பிரதர்ஸின் தாய் நிறுவனமான டைம் வார்னரோடு இணைந்தபோது அந்தப் படங்களும் கூடவே போயின.

கல்வர் சிட்டியில் இருந்த எம்ஜிஎம்-இன் படப்பிடிப்பு வளாகமும் கைமாறி, இப்போது சோனியிடம் இருக்கிறது. எம்ஜிஎம்-இன் சிங்க முத்திரை ஓரிடம், படங்கள் ஓரிடம், நிலம் வேறிடம். 1924-இல் மூன்று நிறுவனங்களை இணைத்து உருவான ஒரு ஸ்டுடியோ இப்படிச் சிதறியதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஒரு எச்சரிக்கை: 2022-இல் அமேசான் எம்ஜிஎம்-ஐ 845 கோடி டாலருக்கு வாங்கியதால் எல்லாப் பழைய படங்களும் அதனிடம்தான் என்று எழுதிவிடாதீர்கள். எம்ஜிஎம் 1981-இல் வாங்கிய யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற பட நிறுவனம் வழியாக வந்த ஜேம்ஸ் பாண்ட் படங்கள் டர்னர் கைக்குப் போகவில்லை. அவை எம்ஜிஎம்-இலேயே தங்கி, அதனோடு அமேசானிடம் சென்றன.