பன்னிரண்டு வயதுக் கால்பந்து வீரர்களின் உடல்திறனை எப்படி அளப்பது?

கேள்வி: நீரோடிக்குப் பக்கத்தில், கேரள எல்லையை ஒட்டிய கடற்கரை ஊரில், 11 முதல் 13 வயது வரையுள்ள 32 பையன்களுக்கு மாலை வேளைகளில் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். பொழியூர்ப் பக்கம் நடக்கவிருக்கும் போட்டிக்கு 16 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்று நினைத்து, மணலில் 20 மீட்டர் பீப் ஓட்டம் (பீப் ஒலிக்கு ஏற்ப இரண்டு கோடுகளுக்கிடையே மாறி மாறி ஓடுவது) வைத்து வரிசைப் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். ஆட்டத்தில் யாராலும் பந்தைப் பறிக்க முடியாத பையன் 29ஆம் இடத்துக்குப் போய்விட்டான். அவனைவிட ஒரு சாண் உயரமானவர்களே முன்வரிசையில் இருக்கிறார்கள். அவனுடைய அப்பாவுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. என்னிடம் ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு செல்போன், கொஞ்சம் கூம்புகள் மட்டுமே உள்ளன. எந்தச் சோதனையை எப்படி வைப்பது?

பதில்: முதலில் அந்தப் பட்டியலைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் சோதனை ஒன்றை ஒழுங்காகவே அளந்திருக்கிறது: யார் முன்னதாக வளர்ந்துவிட்டார்கள் என்பதை. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பையன்களுக்கிடையே, பிறந்த தேதி ஒன்றாகவே இருந்தாலும், உடல் முதிர்ச்சியில் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசம் இருப்பது இந்த வயதில் இயல்பு. கால் நீண்டு தசை கூடியவன் வேகத்திலும் தாண்டலிலும் முந்துவான். மற்றவன் பதினைந்து பதினாறு வயதில் அவனை எட்டிப்பிடித்துவிடக்கூடும், அதுவரை அவனை நாம் அணியில் வைத்திருந்தால். ஆகவே உடல்திறன் சோதனை என்பது ஒரு பையனை அவனுடைய மூன்று மாதத்துக்கு முந்தைய எண்ணோடு ஒப்பிடுவதற்கே தவிர, பக்கத்தில் நிற்பவனோடு ஒப்பிட்டு அணி தேர்வதற்கு அன்று. அணியை ஆட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இந்தக் காரணத்தால், ஓட்டத்துக்கும் முன்பாக நீங்கள் எடுக்கவேண்டிய அளவு உயரம். சுவரில் டேப்பை ஒட்டி, செருப்பில்லாமல் நிற்கவைத்து ஒரு முறையும், ஒரே பெஞ்சில் முதுகு சுவரோடு ஒட்ட உட்காரவைத்து ஒரு முறையும் அளந்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை நோட்டில் குறியுங்கள். எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும், ஏனெனில் காலையில் இருந்த உயரம் மாலைக்குள் ஏறக்குறைய 1 செ.மீ. குறைந்துவிடும். பையன்கள் மிக வேகமாக வளர்வது சராசரியாக 14 வயதை ஒட்டி, பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டி. மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் கூடியிருந்தால் அந்தப் பையன் வளர்ச்சி வேகமெடுக்கும் கட்டத்தில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் கால்கள் நீளும், உடம்பு பிறகுதான் நீளும் என்பதால், உட்கார்ந்த உயரம் அப்படியே நிற்க நின்ற உயரம் மட்டும் கூடுவதை உங்கள் நோட்டே காட்டிவிடும். அந்த மாதங்களில் பையன் தன் காலிலேயே தடுக்கி விழுவான், பந்து அவனுக்கு அடங்காது, திருப்பத்தில் எடுக்கும் நேரமும் மோசமாகும். அதைச் சோம்பல் என்று எண்ணித் திட்டிவிடாதீர்கள்.

இனி ஓட்டம். மணலில் வைத்ததை நான் ஏற்கமாட்டேன். மென்மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகும். அலை வந்துபோன ஈரமணலும் மேட்டுமணலும் ஒன்றல்ல என்பது உங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இன்றைய எண்ணையும் அடுத்த முறை எண்ணையும் ஒப்பிடமுடியாமல் போகும். பந்து பழகக் கடற்கரையைப் போல் இடம் இல்லை, இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் இந்திய சூப்பர் லீக் வரை போனது இதே கடலோரத்திலிருந்துதான். ஆனால் அளப்பதற்குப் பள்ளி மைதானம் போன்ற ஒரே தரை, ஒரே நேரம், அதே காலணி வேண்டும். வெயிலும் புழுக்கமும் ஏறுவதற்கு முன், காலை ஆறரை மணி நல்ல நேரம். தூரத்தை வலைக்கயிற்றால் அளக்காதீர்கள். நைலான் கயிறு இழுக்கிற கைக்கு ஏற்ப நீளும். 20 மீட்டரில் அரை மீட்டர் கூடினால் 40 முறை ஓடுகிறவன் ஒரு முழுச் சுற்றையே அதிகமாக ஓடியிருப்பான். கொத்தனார் வைத்திருக்கும் டேப் போதும்.

10 மீட்டர், 20 மீட்டர் வேக ஓட்டத்தை ஸ்டாப்வாட்சில் பதிவுசெய்வதில் ஒரு சிக்கல் உண்டு. நான் பயிற்சி தரத் தொடங்கிய காலத்தில், ஒரே பையனின் ஒரே ஓட்டத்தை இருவர் நின்று அளந்தோம், எனக்கு 3.4 நொடி, நண்பருக்கு 3.7 நொடி. இந்த வயதில் 10 மீட்டரையே ஏறக்குறைய 2 நொடியில் கடந்துவிடுவார்கள், ஆறு மாதப் பயிற்சியில் குறைவதும் நொடியில் பத்தில் ஒரு பங்குதான், ஆகவே நம் விரலின் பிழை பையனின் முன்னேற்றத்தை விழுங்கிவிடும். செல்போனைப் பயன்படுத்துங்கள். ஓடுபாதையை ஒட்டித் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு கம்புகளை நட்டு, இரண்டும் திரையில் தெரியும் அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளிப் போனை அசையாமல் நிறுத்தி, ஸ்லோமோஷனில் படமெடுங்கள். நொடிக்கு 240 படம் எடுக்கும் போனாக இருந்தால், மார்பு முதல் கம்பைக் கடக்கும் படத்திலிருந்து இரண்டாம் கம்பைக் கடக்கும் படம் வரை எண்ணி 240ஆல் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும். விசில் ஊதவேண்டாம், பையன் தானாகக் கிளம்பட்டும்; நமக்கு வேண்டியது அவனுடைய வேகம், காது கூர்மை அன்று. மூன்று ஓட்டம், இடையில் மூன்று நிமிட ஓய்வு, சிறந்ததை எழுதினால் போதும்.

கால் வலுவுக்கு நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டச் சொல்லி, பின் குதிகால் விழுந்த இடம் வரை அளப்பது போதுமானது. இதையே வைத்து உங்கள் அளவீட்டின் தடுமாற்றத்தையும் கண்டுபிடிக்கலாம். இன்று தாண்டவைத்து, மூன்று நாள் கழித்து மீண்டும் தாண்டவையுங்கள். மூன்று நாளில் யாருக்கும் வலு கூடியிருக்காது, ஆனாலும் எண்கள் முன்பின்னாக ஐந்தாறு செ.மீ. ஆடினால், அடுத்த காலாண்டில் 4 செ.மீ. கூடிவிட்டது என்று மகிழ்வதற்கு இடமில்லை என்று பொருள்.

உங்களுக்கு மிகவும் பயன்படப்போவது, வளைந்து திரும்பி ஓடும் திறனை அளக்கும் இல்லினாய்ஸ் ஓட்டம். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்தில் நான்கு மூலைக்கும் கூம்பு வைத்து, நடுவில் 3.3 மீட்டர் இடைவெளியில் நான்கு கூம்புகளை நேர்கோட்டில் நிறுத்தி, நேராக ஓடித் திரும்பி, நடுக் கூம்புகளுக்கிடையே வளைந்து போய்வந்து, மறுபக்கம் முடிக்கவேண்டும். இது நீண்ட ஓட்டம் என்பதால் ஸ்டாப்வாட்சே போதும். முதலில் பந்தில்லாமலும், ஓய்வுக்குப் பின் பந்தோடும் ஓடவைத்து, இரண்டாவது நேரத்திலிருந்து முதலாவதைக் கழியுங்கள். உயரமான பையன் பந்தில்லாமல் முந்தியிருப்பான். பந்து சேர்ந்ததும் எத்தனை நொடி இழக்கிறான் என்று பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் 29ஆம் இடத்துப் பையனிடம் இந்த மிச்ச எண்தான் மிகச் சிறியதாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அவனுடைய அப்பாவிடம் காட்டவேண்டிய எண்ணும் அதுவே.

தாக்குப்பிடிக்கும் திறனை எப்போதும் கடைசியாக வையுங்கள், அதன்பின் வேறெதையும் நம்பி அளக்கமுடியாது. நீங்கள் வைத்த பீப் ஓட்டம் மணிக்கு 8.5 கி.மீ. வேகத்தில் தொடங்கி நிமிடத்துக்கு 0.5 கி.மீ. கூடிக்கொண்டே போவது, இடையில் ஓய்வில்லாதது. கால்பந்தோ ஓடுவதும் நிற்பதும் மறுபடி ஓடுவதுமான ஆட்டம். அதனால் டென்மார்க்கின் விளையாட்டு உடலியல் அறிஞர் யென்ஸ் பாங்ஸ்போ உருவாக்கிய யோ-யோ சோதனையின் முதல் நிலையே பொருத்தம் என்பது என் கருத்து. இந்தியக் கிரிக்கெட் அணித் தேர்வின் வழியாகப் பலருக்கும் பெயர் தெரிந்த சோதனைதான். 20 மீட்டர் போய்த் திரும்பி வந்தால் 10 நொடி ஓய்வு உண்டு, மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் தொடங்கும். 16 பேராக இரண்டு குழுவாக ஓடவிட்டு, கோட்டைத் தொட்டார்களா என்று பார்க்க ஆளுக்கொரு பெரியவரை நிறுத்துங்கள். ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பாமார் கரையில்தான் இருப்பார்கள், மழை விட்ட ஒரு காலையில் அழைத்தால் வந்து நிற்பார்கள்.

ஓடும்போது மயங்கி விழுந்த அல்லது நெஞ்சுவலி சொன்ன பையனையும், வீட்டில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்த பையனையும், மருத்துவர் பார்க்கும் வரை எந்தச் சோதனையிலும் சேர்க்கக்கூடாது. வேகமாக வளரும் பையன்களுக்கு முழங்கால் சிப்பிக்குக் கீழே மேட்டிலோ, குதிகாலின் பின்பக்கத்திலோ வலி வருவது அதிகம். எலும்பு நீளும் இடம் இன்னும் மென்மையாக இருக்க, இறுகிய தசை அதைப் பிடித்து இழுப்பதால் வரும் வலி அது. தைலம் தேய்த்து ஓடவைக்காமல், குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் குறைத்து, அடங்காவிட்டால் எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்த முறை நோட்டில் அவனுடைய கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக 'வலி' என்று மட்டும் எழுதிவையுங்கள்.