டெல்லிக் குளிரும் தலையில் கோத்த நீரும்

கேள்வி: கணவருக்கு மாற்றலாகி அக்டோபரில் திருநெல்வேலியிலிருந்து டெல்லி துவாரகாவுக்குக் குடிவந்தோம். குளிர் தாங்கவில்லை. கால் விரல்கள் சிவந்து வீங்கி அரிக்கின்றன. தோல் செதில் செதிலாக உரிகிறது, முடி கொட்டுகிறது. அத்தைக்கு (64 வயது, பி.பி. உண்டு) இரண்டு முறை மூக்கில் ரத்தம் வந்தது. குளிரில் ரத்தம் கெட்டியாகி மாரடைப்பு வரும் என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு தினம் ஓர் ஆஸ்பிரின் கொடுக்கிறேன். இங்கே தேங்காய் எண்ணெயே கல்லாகிவிடுகிறதே, ரத்தம் என்ன ஆகும்? ஒரே ஆறுதல் கேஸ் கீசர்தான். குளிர்காற்று வராமல் போன மாதம் குளியலறை ஜன்னலை அட்டை வைத்து ஒட்டிவிட்டோம். அவர் முதல் ஆளாகக் குளித்துவிட்டு ஆபீஸுக்கு ஓடுவார், அடுத்து அத்தை, கடைசியில் துணியையும் அலசிவிட்டுக் குளிப்பது நான். மூன்று வாரமாகக் குளித்துவிட்டு வந்தால் எனக்குத் தலைவலி, குமட்டல். ஒருநாள் கண் இருட்டி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அத்தைக்கும் லேசாக வலிக்கிறதாம்; தலையில் நீர் கோத்துக்கொண்டது என்கிறார். ஆக்ஸிமீட்டரில் 98 இருந்தது. இந்த ஊர் எங்கள் உடம்புக்கு ஒத்துவருமா?

பதில்:

முதலில் எழுந்து போய் அந்த ஜன்னல் அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

ஆயிற்றா? சரி. உங்கள் தலையில் நீர் எதுவும் கோத்துக்கொள்ளவில்லை. எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், நீங்கள் தினமும் கார்பன் மோனாக்சைடைச் சுவாசித்துவிட்டு வருகிறீர்கள். கேஸ் கீசரில் எரிவதும் அடுப்பில் எரிகிற அதே சமையல் வாயுதான். அது ஒழுங்காக எரிய நிறையக் காற்று வேண்டும். சின்னக் குளியலறையில் கதவைத் தாழிட்டு, ஜன்னலையும் அடைத்துவிட்டால் உள்ளே பிராணவாயு குறைந்துகொண்டே போகும். அரைகுறையாக எரிகிற சுடரிலிருந்து இந்த விஷவாயு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தொண்டை கரகரக்காது, இருமல்கூட வராது. சிலிண்டர் கசிந்தால் நாறுமே என்று கேட்பீர்கள். கசிவு தெரியட்டும் என்பதற்காகவே கேஸில் கலக்கிற நாற்றம் அது. எரிந்து வெளிவரும் புகையில் அது இருக்காது.

உங்கள் கடிதத்திலேயே துப்பு இருக்கிறது. வந்த புதிதில் இல்லாத தலைவலி, அட்டை ஒட்டிய பிறகு ஆரம்பித்திருக்கிறது. முதலில் குளித்துவிட்டு ஓடுகிறவருக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதாகப் போகும் அத்தைக்கு லேசாக. கீசர் அரைமணி நேரம் எரிந்த அறைக்குள் போய்த் துணியும் அலசுகிற உங்களுக்குக் கண் இருட்டும் அளவுக்கு. ஜலதோஷம் இப்படி வரிசை பார்த்து வராது.

ஆக்ஸிமீட்டர் 98 காட்டியதில் நிம்மதி அடைந்திருப்பீர்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த அந்தக் கருவியை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம்பாதீர்கள். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பிடிப்பதைப்போல 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகக் கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டும் கருவிக்கு இரண்டும் ஒரே சிவப்பு. மூளை காற்றுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போதும் அது 98 என்றுதான் சொல்லும். இதை அளக்கத் தனி ரத்தப் பரிசோதனை உண்டு. அதையும் மயக்கம் வந்த உடனே எடுக்கவேண்டும். சாதாரணக் காற்றில் இருந்தாலே நாலைந்து மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும் என்பதால், சாயங்காலம் போய் எடுத்துவிட்டு ‘எல்லாம் நார்மல்’ என்று திரும்பி வருவதில் அர்த்தமில்லை.

நான் மேற்படிப்புக்காக வடக்கே இருந்தபோது, ஒரு ஜனவரிக் காலையில் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரு ரஜாய் சுற்றியிருந்தது. குளியலறையில் வலிப்பு வந்து விழுந்துவிட்டாள் என்றார்கள். நான் வலிப்பு மருந்தை எழுத ஆரம்பித்துவிட்டேன். என் சீனியர் நாடி பார்ப்பதற்கு முன்னால் அந்த வீட்டாரிடம் கேட்டது ஒரே கேள்வி: “கீசர் கரண்ட்டா, கேஸா?” கேஸ் என்றதும் நேராக ஆக்ஸிஜன் மாஸ்க்கை எடுத்தார். அந்தப் பெண் பிழைத்தாள். மறுநாள் அவள் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. என்னவோ சரியில்லை என்று தெரிந்திருக்கிறது. கதவைத் திறக்க வேண்டும் என்றும் தோன்றியிருக்கிறது. தாழ்ப்பாள் வரை கை எழும்பவில்லை.

அதனால் சொல்கிறேன். இன்றிலிருந்து கீசரைப் போட்டு வாளியை நிரப்புங்கள், கதவு ஜன்னல் எல்லாம் திறந்தே இருக்கட்டும். நிரம்பியதும் கீசரை அணைத்துவிட்டு, சற்று நேரம் காற்றாட விட்டு, அப்புறம் உள்ளே போய்க் குளியுங்கள். துணி அலசுவது வேறு இடத்தில். இது இரண்டு மூன்று நாளைக்கான ஏற்பாடுதான். அதற்குள் ஆளைக் கூப்பிட்டுக் கீசரைக் குளியலறைக்கு வெளியே, பால்கனி மாதிரி காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விடச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் சுவரில் துளை போட விடமாட்டேன் என்றால் கரண்ட் கீசர் வாங்குங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். உள்ளே காற்று வர வழியே இல்லாமல் அது எதை வெளியே தள்ளும்? பக்கத்து வீட்டில் அன்பாகக் கரி போட்டு அங்கீட்டி (கணப்புச் சட்டி) கொடுத்தாலும் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அதுவும் இதே விஷம்தான். அங்கீட்டியை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி வட இந்தியாவில் குளிர்காலம் தவறாமல் வரும்.

இனி குளியலறையிலோ மூடிய அறையிலோ யாருக்காவது தலைவலியோடு தள்ளாட்டம், குமட்டல், குழப்பம் வந்தால் முதல் வேலை வெளிக்காற்றுக்கு வருவது. மயங்கி விழுந்தால் கதவை உடைத்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு 112-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் ‘கேஸ் கீசர்’ என்ற இரண்டு வார்த்தையை முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நான் செய்த தப்பையே அங்கிருக்கும் இளம் டாக்டரும் செய்வார். நீங்கள் கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் லேசான தலைவலிக்குக்கூடப் போகவேண்டும். இந்த வாயு தாயைவிட வயிற்றுக் குழந்தையை அதிகம் வாட்டும். ஏற்கெனவே ஒருமுறை கண் இருட்டியிருப்பதால் இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். அடுத்த சில வாரங்களில் மறதியோ நடையில் தடுமாற்றமோ தெரிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போகவேண்டும்.

இப்போது அத்தைக்கு வருவோம். உங்கள் கடிதம் முழுக்க ஓடுகிற பயம் அவருக்கு மாரடைப்பு வந்துவிடுமோ என்பதுதான். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கும் சமாசாரம், நெல்லையில் மார்கழியில்கூட லேசாகக் கட்டியிருக்கும். அத்தையின் ரத்தம் டெல்லியிலும் 37 டிகிரியில்தான் ஓடுகிறது. குளிரில் நடப்பது வேறு. தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அதனால் பி.பி. ஏறும். குளிர்காலத்தில் மாரடைப்பு கூடுவது உண்மைதான். அதற்கு வைத்தியம் பி.பி.யைக் கவனிப்பது. ஊரில் எழுதிக் கொடுத்த மாத்திரை இங்கே போதுமா என்று யாராவது அளந்து பார்த்தார்களா? ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். விடியற்காலை வாக்கிங் வேண்டாம். வெயில் ஏறிப் பத்து மணிக்கு நடக்கட்டும். டெல்லிப் புகைக்கும் அதுதான் நல்லது. நெஞ்சை அழுத்தினாலோ மூச்சு வாங்கினாலோ வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும்: கார்பன் மோனாக்சைடு இதயத்துக்கும் பகை. அவருக்கு மாரடைப்பு வரக்கூடாது என்றுதானே கவலை? அதற்கும் அந்த ஜன்னல்தான் திறக்கவேண்டும்.

ஆஸ்பிரின் யார் எழுதிக் கொடுத்தது? கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், டாக்டர் பெயரே இல்லை. இதய நோயோ பக்கவாதமோ வந்ததில்லை, ஸ்டென்ட் வைத்ததில்லை என்றால் இன்றே நிறுத்துங்கள். (வந்திருந்தால், டாக்டர் சொல்லிச் சாப்பிடுகிறவர் என்றால், நிறுத்தாதீர்கள். இந்தப் பத்தியைப் படித்துவிட்டு வேறு யாராவது தங்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.) இதய நோய் இல்லாத 60 வயதுக்காரர்களுக்கு முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்குவதை இப்போது மருத்துவ உலகம் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. வயிற்றில் ரத்தக் கசிவு வருவதுதான் காரணம். மூக்கில் ரத்தம் வருகிறவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்துவிட்டு, ரத்தம் ஏன் வருகிறது என்று என்னைக் கேட்கிறீர்கள்!

மூக்கு காய்ந்து வெடிப்பதும் ஒரு காரணம்தான். இரவில் கொஞ்சம் வாஸ்லைன் தடவட்டும். மறுபடி வந்தால் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்லாதீர்கள்; முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். இருபது நிமிடத்துக்கு மேலும் நிற்காவிட்டால் மருத்துவமனை.

கால் விரல் வீங்கி அரிப்பது குளிர் வீக்கம், முதல் குளிர்காலத்தில் தெற்கத்திக்காரர்கள் பலருக்கும் வரும். இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். சில்லிட்ட காலை நேரே ஹீட்டருக்கு முன்னால் நீட்டாதீர்கள், சுடுதண்ணீரில் முக்காதீர்கள், அதுதான் அரிப்பைக் கிளப்பும். ஈரமில்லாத கம்பளிக் காலுறை போதும். விரலில் புண்ணோ கறுப்போ தெரிந்தால் காட்டுங்கள். தோல் உரிவதற்கு ஐந்து நிமிடத்துக்குமேல் குளிக்காமல் இருப்பதும், ஈரம் முழுதும் காயும்முன் எண்ணெய் தடவுவதும்தான் மருந்து. உங்கள் கல்லான தேங்காய் எண்ணெயே போதும், பாட்டிலை வெந்நீரில் சற்று வைத்து எடுங்கள்.

ஊர் ஒத்துவருமா என்றால், கரோல் பாக்கிலும் ஆர்.கே. புரத்திலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. உடம்பு குளிருக்குப் பழகுவது கொஞ்சம்தான். உடுத்துவதிலும் வெளியே போகிற நேரத்திலும்தான் பாதிப் பழக்கம் இருக்கிறது. முடி கொட்டுவதை மார்ச்சில் பேசிக்கொள்வோம். அதற்குமுன் எழுதுவதாக இருந்தால், கீசரை வெளியே மாற்றிவிட்டு எழுதுங்கள்.